ஆட்டுப்பாறை

நாற்காலியின் கால் உடைந்த அன்றைக்கே அந்த மாநகராட்சி அலுவலகம் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பிறகு ஒரு வீட்டுப் பின்கட்டில் கல்லைக் கயிற்றால் கட்டிப்போடும் அளவுக்குக் கூத்து முற்றியபோது, "இது எங்கிருந்து ஆரம்பிச்சுது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். எங்கிருந்து ஆரம்பித்திருக்கும்? நாற்காலியிலிருந்துதான்.

இரண்டாவது மாடியில், கால்நடைப் பிரிவுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு பொந்து. அதில்தான் நம் ஆள் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தார். எந்தச் சொல்லைக் கண்டாலும் அதன் வேரைத் தோண்டிப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் எல்லோரும் அவரை வேர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் அவர் நாற்காலியின் ஒரு கால் முறிந்துபோயிற்று. சாமான் அறைக்கு எழுதினார்: "என் முக்காலியை மாற்றித் தரவும்." நான்கு கால் இருந்தால்தானே அது நாற்காலி? சாமான் அறைக்காரர் மேலே வந்து, குனிந்து எண்ணிப் பார்த்து, "முக்காலிக்கு மூணு கால் சரியா இருக்கே சார், இதுல என்ன ரிப்பேர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வேர்க்காரருக்குக் கோபம் வர வேண்டாமா? வரவில்லை. "இந்த ஆபீஸ்லயே சொல்லை மதிக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான்" என்று சந்தோஷப்பட்டார். நாற்காலியைச் சுவரோடு சாய்த்துவைத்து, அன்றிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்தபடியே மொழிபெயர்த்தார்.

கல்யாணம் ஆகவில்லை. ஆகவிடவில்லை என்பதுதான் நிஜம். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் கூடிவந்து, பெண்ணின் அப்பா முகம் மலர்ந்து, "அப்போ இந்தச் சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான்" என்றார். சும்மா இருந்திருக்கலாம். "சம்பந்தம்னா வேர்ல என்ன தெரியுமாங்க? சேத்துக் கட்டிப்போடறது. கைதியைக் கட்டறாங்களே, அந்தக் கட்டுதான்" என்று விளக்கம் சொன்னார். பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடப் போயிருந்த அக்கா திரும்பி வரும் வழி முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு அவள் பெண் பார்க்கும் பேச்சையே எடுக்கவில்லை. தம்பி அக்கா வீட்டு மாடியறையிலேயே தங்கிவிட்டார்.

அந்த வீட்டில் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் அத்தான். அத்தான் பஸ் டிரைவராக இருந்தவர். கிளட்சை மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்து, ஆபரேஷன் ஆகி, மாடிப்படி ஏற முடியாமல் போனவர். வீட்டில் படுக்கையறை எல்லாம் மாடியில். கீழே இருந்தது சமையலறையும் ஒரு நடையும்தான். ஆகவே சமையலறைச் சுவரோரம் ஒரு மரப்பலகை போட்டு அத்தானைப் படுக்கவைத்தார்கள். அத்தான் ஆள் உயரம், பலகை குட்டை. காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். ஆபீஸ் விட்டு வந்ததும் வேர்க்காரர் அந்தப் பலகை ஓரத்தில் உட்கார்ந்து, அன்றைக்குத் தோண்டிய சொற்களையெல்லாம் கொட்டுவார். "பாவம், எழுந்து ஓடவும் முடியாத மனுஷன்கிட்ட வந்து அறுக்கறான் பாரு" என்பாள் அக்கா, வெங்காயம் நறுக்கியபடி. அத்தானோ, "நீ சொல்லு மாப்ளே, அப்புறம்?" என்பார். மனப்பூர்வமாகத்தான் கேட்டாரா, மரியாதைக்குக் கேட்டாரா என்று வேர்க்காரர் யோசித்ததே இல்லை. அத்தான் சொன்னால் மட்டும் அவர் எதையும் தட்டமாட்டார். அத்தனை பிரியம்.

மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலை நீட்டிப் படுக்காவிட்டால் முட்டி அப்படியே இறுகிப்போகும், பிறகு நடையே கிடையாது. அக்கா உடனே முடிவு கட்டினாள். வீட்டுக்குப் பின்னால் தரைமட்டத்தில் ஓர் அறை எழுப்ப வேண்டும், நீளமான கட்டிலோடு. கொத்தனார் தயார், செங்கல் தயார். கட்டட அனுமதி ஒன்றுதான் பாக்கி.

பின்கட்டில் சில பாறைகள் கிடந்தன. என்றைக்கோ ஒரு காலத்தில் அந்த ஊர் முழுவதையும் பனியாறு மூடியிருந்ததாம். அது நகர்ந்து போனபோது, வழியில் நின்ற பாறைகளை இழைத்து வழவழப்பாக்கி, எங்கிருந்தோ சுமந்து வந்த கல்லைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தது. அஸ்திவாரத்துக்கு இவற்றால் தொந்தரவு உண்டா என்று பார்க்க, நிலவியல் துறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். சுத்தியலால் தட்டினாள், கையால் தடவினாள், "ஒரு தொந்தரவும் இல்லை, தாராளமாகக் கட்டலாம்" என்று அறிக்கை எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதினாள். கட்டடப் பிரிவோ தமிழில் இருந்தால்தான் வாங்கும். அறிக்கை மொழிபெயர்ப்புக்கு வந்தது. யாரிடம்? வேறு யாரிடம்!

சொந்த அக்கா வீட்டு வேலை அல்லவா, வேர்க்காரர் உயிரைக் கொடுத்துச் செய்தார். அறிக்கையில் மூன்று சொற்கள் அவரை மயக்கிவிட்டன. வழவழத்த பாறைகளுக்கு அந்த அம்மாள் 'ரோஷ் மூட்டோனே' என்று ஒரு பிரெஞ்சுப் பெயர் போட்டிருந்தாள். அகராதியைப் புரட்டினால் உள்ளே ஆடு நின்றது. ஆகவே ஆட்டுப்பாறை. பனியாறு கொண்டுவந்து போட்ட கல்லின் பெயர் 'எர்ராட்டிக்'. லத்தீனில் அலைவது, திரிவது. ஆகவே திரிகல். பின்னால் இருந்த சின்ன மேட்டுக்கு 'டிரம்லின்'. எல்லோரும் அது முரசு என்று நினைத்து ஏமாந்துபோவார்கள்; ஐரிஷ் மொழியில் முதுகு என்று பொருள், குட்டி முதுகு. ஆகவே குறுமுதுகு. அன்றைக்குப் பலகை ஓரத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! குழந்தை பெற்றவர் மாதிரி இருந்தார்.

கட்டடப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்த தமிழ் இதுதான்: "மனையின் பின்புறம் இரண்டு ஆட்டுப்பாறைகள் படுத்துள்ளன. அருகே ஒரு திரிகல் நிற்கிறது. சற்றுத் தள்ளி ஒரு குறுமுதுகு உள்ளது. இவற்றால் இடையூறு இல்லை."

அங்கிருந்த குமாஸ்தா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிற ரகம். ஆடு இரண்டு, உரிமம் இல்லை. திரிவது ஒன்று, என்ன பிராணி என்று விவரம் இல்லை. முதுகு குறுகிய ஒருவர். வயதானவராக இருக்கலாம், வெளியில் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டையும் கால்நடைப் பிரிவுக்கும், மூன்றாவதைச் சுகாதாரப் பிரிவுக்கும் தள்ளிவிட்டார்.

கால்நடை இன்ஸ்பெக்டர் கயிறும் கையுமாக வந்து கதவைத் தட்டினார்.

"ஆடு எங்கம்மா?"

"எந்த ஆடு?" என்றாள் அக்கா.

"பின்னாடி படுத்திருக்கே ரெண்டு, அது."

அக்கா அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். பாறையைச் சுற்றி வந்தார், குனிந்தார், லேசாகத் தட்டியும் பார்த்தார்.

"கல்லா இருக்கேம்மா."

"கல்லுதாங்க."

"ஃபைல்ல ஆடுன்னு இருக்கே. நான் ஃபைலைத்தாம்மா நம்பணும். கண்ணை நம்பி வேலை பாத்தா பென்ஷன் வருமா?"

ஆடு என்றால் காதில் வில்லை மாட்ட வேண்டும் என்பது விதி. காது கிடைக்காததால் பசை தடவி ஒட்டினார். திரியும் பிராணியைச் சொந்தக்காரர் வரும்வரை கட்டிவைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. திரிகல்லைச் சுற்றிக் கயிறு போட்டவர் சற்றுத் தயங்கினார்.

"கழுத்து எதுன்னு பாத்துக் கட்டுங்க, மூச்சு முட்டிடப் போகுது" என்றாள் அக்கா. இன்ஸ்பெக்டர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளாமல் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்.

அன்றே அனுமதி நின்றுபோயிற்று. மனையில் கால்நடை இருக்கும்வரை கட்டடம் கட்டக் கூடாது. ஆடுகளைக் கணக்கிலிருந்து எடுக்க மூன்றே வழி: செத்திருக்க வேண்டும், விற்றிருக்க வேண்டும், காணாமல் போயிருக்க வேண்டும். சாவுக்குச் சான்று கேட்டால் கால்நடை மருத்துவர், "உயிரோட இருந்ததுக்கு முதல்ல சான்று கொண்டாங்க" என்றார். விற்கலாம் என்றால் வாங்கியவன் ஓட்டிப்போக வேண்டும். கடைசியில் அக்கா காவல் நிலையத்துக்கே போனாள்.

"ஆட்டைக் கடைசியா எப்பம்மா பாத்தீங்க?" என்று கேட்டார் எழுத்தர்.

அக்காவுக்குப் பொய் வராது. "இப்பதான் பாத்துட்டு வரேன். அங்கேயேதான் இருக்கு."

வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பி முன்னால் போய் நின்றாள். "டேய், ஒரு வார்த்தையை மாத்தினா முடிஞ்சுது. மாத்தித் தொலையேன்டா!"

"எப்படிக்கா மாத்தறது? வேர்லயே ஆடு இருக்கு. தெரிஞ்சே நான் பொய் எழுத மாட்டேன்."

"உங்க அத்தான் கால் போயிடும்டா."

"பொய் எழுதினா என் கை போன மாதிரிக்கா."

அக்கா அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், பேசமாட்டாள். "அவன்கிட்ட சொல்லுங்க, டீ ஆறுதுன்னு." அத்தான் பலகையிலிருந்தபடியே, "மாப்ளே, டீ ஆறுதாம்" என்பார். ஒரே சமையலறையில் மூன்று பேர், நடுவில் ஒரு தபால்காரர்.

குளிர்காலம் பிறந்தது. அடுப்பு அணைந்த கொஞ்ச நேரத்திலேயே சமையலறைத் தரை சில்லிட்டுப்போகும். காலையில் அத்தானின் முழங்காலை நீட்ட அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். அத்தான் பல்லைக் கடித்துக்கொள்வார். ஒரு நாளைக்கு ஒரு நாள் கால் கம்மியாகத்தான் நீண்டது. வேர்க்காரருக்கு அது தெரியாமல் இல்லை. படியிறங்கி வரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டார். மனது கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் ஆடு ஆடுதானே? என்ன செய்வார்? பிடிவாதம் பிடித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி அழுதுகொண்டே பிடிவாதம் பிடித்தவரை இவரைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை.

நிலவியல் அம்மாளுக்கு விஷயம் எட்டியது, கல்லைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று. நேரே இரண்டாவது மாடிக்கு ஏறி வந்தாள். தமிழைப் படித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சார், அதுல ஆடே கிடையாது."

"அகராதியில இருக்கே!"

"அந்தப் பேரை வெச்ச விஞ்ஞானி ஆட்டைப் பாத்து வெக்கல. அந்தக் காலத்துல அங்க பெரிய மனுஷங்க சுருள் சுருளா டோப்பா வெப்பாங்க. அது பறக்காம படியறதுக்கு ஆட்டுக் கொழுப்பைப் பூசுவாங்க. அந்த டோப்பாவுக்குத்தான் அந்தப் பேரு. மலைமேலருந்து பாத்தா பாறை அலை அலையா அந்த டோப்பா மாதிரி தெரிஞ்சிருக்கு."

வேர்க்காரர் எழுந்தார். நாற்காலி சரிந்து விழுந்தது. கவனிக்கவில்லை. "அப்போ நான் தப்பு! ஒரு அடி கம்மியா தோண்டிட்டேன்!" என்று கத்தினார். தப்பு செய்ததற்காக இப்படிக் குதித்த மனிதரை அந்த அம்மாள் அதுவரை பார்த்ததில்லை. அக்கா ஜெயித்தாள், அத்தான் கால் பிழைத்தது, பொய்யும் எழுத வேண்டாம்! உடனே திருத்தம் எழுதினார்: "ஆட்டுப்பாறை என்பதை டோப்பாப்பாறை என்று வாசிக்கவும்." மை காய்வதற்குள் பக்கத்து அறைக்கு ஓடினார்.

கால்நடை இன்ஸ்பெக்டர் படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தாழ் போட்டார்.

"சார், உங்களுக்கு அறிவிருக்கா? இந்த பில்டிங்ல சொல்ற வார்த்தையா இது?"

அப்போதுதான் வேர்க்காரருக்கு உறைத்தது. ஆணையர்! ஆணையர் தலையில் இருந்தது அவருடைய சொந்த முடி அல்ல என்பது வாட்ச்மேனிலிருந்து வாசல் பெருக்குபவர் வரை அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதது மாதிரி நடிப்பது அந்த அலுவலகத்தில் எழுதாத விதி. அவர் அறையில் கோடையிலும் மின்விசிறி சுற்றாது, ஜன்னல் திறக்காது. 'முடியும்' 'முடியாது' என்பதைக்கூட அவர் எதிரில் யாரும் சொல்வதில்லை. 'ஆகும்' 'ஆகாது' என்பார்கள்.

"கேஸ் விசித்திரமா இருக்குன்னு ஆணையரே விசாரிக்கப் போறாரு" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க அவரு எதிர்ல நின்னு இதைப் படிக்கணும். வேற வார்த்தை ஏதாவது சொல்லுங்க. சாதாரணமா ஜனங்க அந்தப் பாறையை என்னன்னு சொல்வாங்க?"

"மொட்டைப்பாறை."

இன்ஸ்பெக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

விசாரணை அன்று அத்தானையும் அழைத்திருந்தார்கள், மனை அவர் பெயரில் இருந்ததால். லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு பியூன்கள் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பல்லக்கு மாதிரி மாடிக்குத் தூக்கி வந்தார்கள். நீட்ட முடியாத கால் ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடியில் இடித்தது. ஒவ்வோர் இடிக்கும் அத்தான், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். பின்னால் ஏறி வந்த வேர்க்காரர் அத்தனையையும் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள வழி இல்லை; படிக்கட்டு ஒன்றுதான்.

ஆணையரின் அறை புழுங்கியது. வெளியே குளிர், உள்ளே இப்படி. ஆணையர் கோப்பைத் திறந்தார்.

"இதுல ஆடுன்னு இருக்கு. ஆடா இது?"

"ஆடு இல்லீங்க ஐயா" என்றார் வேர்க்காரர்.

"நீங்கதானே எழுதினீங்க?"

"நான்தாங்க. அது தப்பு."

"அப்போ சரியானது என்ன?"

கால்நடை இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டடப் பிரிவுக் குமாஸ்தா கூரையைப் பார்த்தார். அக்கா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தம்பியையே பார்த்தாள். அத்தனை நாளில் அவள் அவரை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

"டோ..." என்று வேர்க்காரர் வாயைத் திறந்தார்.

"டோ?" என்றார் ஆணையர். அவருடைய வலது கை மெதுவாகக் காதுப் பக்கம் உயர்ந்தது.

வேர்க்காரரின் நாக்கில் சரியான சொல் நின்றது. வேரோடு, மண்ணோடு, கொழுப்போடு, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் கை இரண்டையும் முழங்காலின் மேல் வைத்து, வலி தெரியாமலிருக்க அமுக்கிக்கொண்டிருந்தார். அந்த முழங்காலைப் பார்த்ததும் வேர்க்காரர் சொல்லை விழுங்கிவிட்டார்.

"கல்லுங்க ஐயா."

"கல்லா? என்ன கல்லு?"

"சும்மா கல்லுங்க. வேற ஒண்ணுமில்ல."

"திரியறதுன்னு ஒண்ணு போட்டிருக்கே?"

"அதுவும் கல்லுங்க."

"முதுகு?"

"அது மண்ணுங்க ஐயா."

ஆணையர் கையைத் தலையிலிருந்து இறக்கினார். "இதை முதல்லயே எழுத வேண்டியதுதானே? எல்லார் நேரமும் வீண்" என்று கையெழுத்துப் போட்டார். கால்நடை இன்ஸ்பெக்டர் நிம்மதியாக மூச்சு விட்டு, ஆடு என்ற இடத்துக்கு எதிரே "கல்லாகிவிட்டன" என்று எழுதிக் கணக்கை முடித்தார்.

வாசலில் ஆட்டோ பிடித்தார்கள். அக்கா டிரைவர் பக்கம் ஒட்டிக்கொண்டாள், பின்னால் அத்தானும் வேர்க்காரரும். வண்டி தெருமுனை திரும்பும்வரை அக்கா அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு பின்னால் திரும்பினாள். அத்தனை நாள் பேசாத பேச்செல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"கல்லு! ஒரே வார்த்தை. பேசத் தெரியாத குழந்தைகூட சொல்லும். இதைச் சொல்றதுக்கு இந்த மனுஷன் ஒரு குளிர்காலம் பூரா அந்தப் பலகையில மடங்கிக் கிடக்கணுமாடா?"

"தப்புதான்க்கா" என்றார் வேர்க்காரர். அவமானமாக இருந்தது.

கோபம் தீராமல் அக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க மட்டும் என்னவாம்? தினமும் அவன்கூட உக்காந்து மணிக்கணக்கா கதை கேக்கறீங்க. 'மாப்ளே, கல்லுன்னு எழுதிடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது? உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"முதல் நாளே தோணிச்சு" என்றார் அத்தான்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா எழுதியிருப்பான்." அத்தான் வெளியே தெருவைப் பார்த்தபடி சொன்னார். "பொய்னு நினைச்சாலும் என் பேச்சைத் தட்ட மாட்டான். அதான் சொல்லல."

அக்கா முன்பக்கம் திரும்பித் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டும் லூசு" என்று டிரைவரிடம் சொன்னாள்.

வண்டி ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியது. அத்தான் முகம் சுளித்தார். வேர்க்காரர் குனிந்து அவர் காலை மெல்லத் தூக்கித் தன் மடியில் வைத்து, எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டிப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை பிடியை விடவில்லை.